ஓட்டையில்லாத கசிவு

கசிவுக்காரரின் உடம்புக்குள் கசிவு தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. மூன்றாவது மாடியில், பாதி ஓடு பதித்த ஒரு குளியலறையில் நின்றுகொண்டு அவர் டைல்ஸ்காரரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்.

அவர் குழாய் வேலைக்காரர். முப்பது வருஷத் தொழில். கடைசிப் பதினைந்து வருஷமாகக் கசிவு கண்டுபிடிப்பது மட்டுமே பிழைப்பு என்று ஆகிவிட்டதால், சொந்தப் பெயர் எங்கேயோ உதிர்ந்துபோய்க் கசிவுக்காரர் என்பதே நிலைத்துவிட்டது. மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்குச் சுவரில் ஈரம் ஏறிய பிறகுதான் இவருக்கு ஆள் போகும். வந்ததும் உடைக்க மாட்டார். மெயின் வால்வைக் குறைப்பார். ஈரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டுப் போய்விடுவார். ஈரம் கோட்டைத் தாண்டுகிறதா, உள்ளேயே காய்கிறதா என்று நாலு நாள் பார்த்த பிறகுதான் உளியை எடுப்பார். வேலை முடிந்ததும் கைப்பம்பு வைத்து, வழக்கமான அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு ஏற்றி, ஒரு மணி நேரம் முள் இறங்காமல் நின்றால்தான் வீட்டுக்காரரிடம் ஒப்படைப்பார். பார்த்து நம்புவது வேறு, அழுத்தி நம்புவது வேறு என்பது அவர் கட்சி.

அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு விரோதி உண்டு. அது கன்சீல்டு பைப். குழாய் கண்ணுக்குத் தெரிய வேண்டும், சுவருக்குள் புதைப்பது களவாணித்தனம் என்பார். அழகுக்காகப் புதைக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். அவருக்கு மெதுவாகக் குதிக்கவும் வராது, மெதுவாகப் பேசவும் வராது.

அன்றைக்கும் அந்தக் குதிதான். டைல்ஸ்காரர் நாலு குழாயை மூடி ஓடு ஒட்டியிருந்தார். இவர் கத்திக்கொண்டே குனிந்து இரும்புக் குழாய் ஒன்றைத் தூக்கினார். தூக்கிய கையோடு, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் யாரோ புதுத்துணியைக் கிழித்தது போல ஒரு வலி. கத்தல் பாதியில் நின்றது. வியர்வை பனியனோடு ஒட்டியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டைல்ஸ்காரர் நல்ல மனிதர். இவ்வளவு நேரம் திட்டு வாங்கியதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. “வாயுப் பிடிப்புண்ணே. குப்புறப் படுங்க. நாலு மிதி மிதிச்சா எல்லாம் சரியாயிடும். எங்க வீட்டுல எல்லாருக்கும் நான்தான் மிதிக்கிறது” என்றார். கசிவுக்காரரும் படுத்துவிட்டார். டைல்ஸ்காரர் காலைக் கழுவிக்கொண்டிருக்கும்போது கசிவுக்காரரின் போன் அடித்தது. டைல்ஸ்காரரே எடுத்தார்.

“அவர் எங்க?” என்றாள் மனைவி.

“அண்ணன் படுத்திருக்காரு அண்ணி. முதுகுல பயங்கர வலி. வேர்த்துக் கொட்டுது. ஒண்ணும் பயப்படாதீங்க, இப்ப மிதிக்கப் போறேன்.”

“அவர் மேல கால வெச்சீங்க, நான் வந்து உங்கள மிதிப்பேன்” என்றாள் அவள்.

அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருபத்திரண்டு வருஷம் பெற்றோர்களைச் சமாளித்தவள். பதினைந்தாவது நிமிஷம் வந்து நின்றாள். இருபத்தைந்தாவது நிமிஷம் கணவனை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினாள். நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“பிரஷர் மாத்திரை போடுறீங்களா?”

“அப்பப்போ.”

அந்த அப்பப்போவுக்கு ஒரு வருஷ வரலாறு இருந்தது. போன வருஷம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாள் போட்டார். அளந்து பார்த்தார்கள், சரியாக இருந்தது. சரியான பிறகு எதற்கு மாத்திரை என்று நிறுத்திவிட்டார். அப்புறம், யாரையாவது ரொம்பக் கத்திவிட்டோம் என்று தோன்றும் நாட்களில் மட்டும் ஒன்று போட்டுக்கொள்வார். அவருக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை என்பதால் அட்டை தீரவேயில்லை.

ஆஸ்பத்திரியில் மார்பில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். மாரடைப்பு இல்லை என்றார்கள். “நான்தான் சொன்னேன்ல, பிடிப்பு” என்று கசிவுக்காரர் சட்டையைத் தேடினார். டாக்டரம்மா இளவயது. சட்டையைக் கொடுக்காமல் கேட்டார்.

“வலி எப்படி வந்துச்சு? கொஞ்சம் கொஞ்சமா ஏறுச்சா, ஒரே அடியா வந்துச்சா?”

“ஒரே அடியா. துணியக் கிழிச்ச மாதிரி.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தார். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. நேராக ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

படம் வந்ததும் டாக்டரம்மா திரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் திருப்பி வைத்தார். இதயத்திலிருந்து கிளம்பி, கைத்தடியின் வளைவு போல வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்கும் பெரிய ரத்தக் குழாயைக் காட்டினார். அயோர்டா என்றார். உடம்புக்கே மெயின் லைன். அதன் சுவர் ஒரு பக்கம் மெல்லிய கோடாக இருந்தது. மறுபக்கம் பிறை போலத் தடித்திருந்தது.

“இந்தப் பிறைதான் ரத்தம். சுவருக்குள்ள தேங்கியிருக்கு. பதினோரு மில்லிமீட்டர்.”

கசிவுக்காரர் தலையைத் தூக்கினார். வலியெல்லாம் இரண்டாம் பட்சமாகிவிட்டது.

“சுவர் எத்தன அடுக்கு?”

“மூணு. உள்ள ஒரு மெல்லிசான பூச்சு, நடுவுல கெட்டியான சதை, வெளிய ஒரு உறை.”

“உள்பூச்சுல கிழிசல் எங்க?”

“கிழிசல் இல்ல. தேடிப் பாத்தாச்சு.”

“வெளிய ஒழுகுதா?”

“இல்ல.”

“உள்ளயும் ஓட்டையில்ல, வெளியயும் ஓட்டையில்ல. அப்ப ரத்தம் எந்த வழியா நடுவுல போச்சு?”

டாக்டரம்மா அவரை உற்றுப் பார்த்தார். வழக்கமாக நோயாளிகள் எப்போது வீட்டுக்குப் போகலாம் என்றுதான் கேட்பார்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இவ்வளவு தடிமனான சுவர் உயிரோட இருக்கணும்னா அதுக்கும் ரத்தம் வேணும்ல? உள்ள ஓடுற ரத்தம் உள்பக்கம் கொஞ்சம்தான் ஊறும். மீதிச் சுவருக்கு, முடி மாதிரி குட்டிக் குட்டிக் குழாய்ங்க வெளியிலேர்ந்து சுவருக்குள்ள போய் ரத்தம் குடுக்கும். வருஷக்கணக்கா பிரஷர் கூடவே இருந்தா நடுச்சதை தளர்ந்துடும். அந்தக் குட்டிக் குழாயும் கெட்டுப் போகும். ஒரு நாள் அதுல ஒண்ணு வெடிக்கும். ரத்தம் போறதுக்கு வேற இடம் கிடையாது, அடுக்க விலக்கிக்கிட்டு நடுவுல தேங்கும். உங்களுக்கு அப்படித்தான் ஆரம்பிச்சிருக்குன்னு நினைக்கிறோம்.”

கசிவுக்காரரின் முகம் மெல்லச் சிவந்தது.

“சுவருக்குள்ள குழாயா?”

“ஆமா.”

“கன்சீல்டா?”

“அப்படியும் சொல்லலாம்.”

“எந்த மடப்பய போட்டது அத?” என்று அவர் எழுந்து உட்கார்ந்தார். தலைமாட்டிலிருந்த பெட்டி கூவியது. திரையில் இருநூற்று நாலு என்று சிவப்பில் எரிந்தது. நர்ஸ் ஓடிவந்து அவரைப் படுக்கவைத்து, சொட்டு மருந்தைக் கூட்டினார்.

மனைவி கடவுளையும் திட்டவில்லை, கணவனையும் திட்டவில்லை. டாக்டரம்மாவைத் தனியாக நடைபாதைக்கு அழைத்துப்போய், இனிமேல் என்ன ஆகும் என்று கேட்டாள். டாக்டரம்மா மறைக்கவில்லை. இது வளைவைத் தாண்டிக் கீழே இறங்குகிற பகுதியில் இருப்பதால் மருந்தில் பார்க்கலாம், இதயத்தை ஒட்டி மேலே இருந்திருந்தால் இந்நேரம் நெஞ்சைத் திறந்திருப்போம் என்றார். பிரஷர் நூற்றிருபதுக்குள், நாடித் துடிப்பு அறுபதுக்குள் நின்றால், தேங்கிய ரத்தத்தை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். நிற்காவிட்டால் ரத்தம் அடுக்கைப் பிரித்துக்கொண்டே கீழே இறங்கும். இல்லை, உள்பூச்சு ஓரிடத்தில் கிழிந்து, மெயின் லைன் ரத்தம் முழுவதும் சுவருக்குள் பாயும். அதுவும் இல்லையென்றால் வெளியே உடையும்.

“வெளிய உடைஞ்சா?”

“நேரம் இருக்காதும்மா” என்றார் டாக்டரம்மா. “ஏழாம் நாள் வரைக்கும் ரொம்ப முக்கியம். அவர் கோபப்படக் கூடாது.”

மனைவிக்கு, இதயத்தை நிறுத்துங்கள் என்று சொல்லியிருந்தால்கூட ஏதாவது வழி இருக்கும் என்று பட்டது. கோபத்தை நிறுத்தச் சொல்கிறார்களே!

அன்று முதல் அவள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பார்க்க வருபவர்களைக் கண்கொத்திப் பாம்பாகச் சோதித்துத்தான் உள்ளே விட்டாள். தண்ணீர், கட்டடம், ஓடு, அரசியல் பேசக் கூடாது. “மெலிஞ்சிட்டீங்களே” என்று சொல்லக் கூடாது. டைல்ஸ்காரர் பழத்தோடு வந்து, “நான் மட்டும் மிதிச்சிருந்தேன்னா?” என்று கேட்டுவிட்டு வாசலிலேயே அழுதார். அவரைச் சமாதானப்படுத்தி அப்படியே திருப்பி அனுப்பினாள்.

ஆனால் கசிவுக்காரரிடம் எதையும் மறைக்க முடியவில்லை. மணிக்கட்டில் ஊசி செருகி, பிரஷர் நொடிக்கு நொடி திரையில் ஓடிக்கொண்டிருந்தது. முப்பது வருஷமாக முள்ளைப் பார்த்தே வாழ்ந்தவருக்கு அது நல்ல பொழுதுபோக்காகிவிட்டது. இருமினால் நாலு ஏறும். மச்சினனை நினைத்தால் ஆறு. மகள் வீட்டை நினைத்தால் பதினொன்று.

மகள் வீட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளை கட்டட இன்ஜினியர். தங்கமான மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள், கசிவுக்காரரும் ஒரு காலத்தில் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாப்பிள்ளை சொந்தமாக வீடு கட்டினார். வேலை நடக்கும்போது மாமனாரைக் கூப்பிடவேயில்லை. கட்டி முடித்துத்தான் கூப்பிட்டார். கசிவுக்காரர் நேராகக் குளியலறைக்குள் போனார். நாலு பக்கமும் பளபளவென்று ஓடு. “குழாய் எங்க?” என்றார். “சுவருக்குள்ள மாமா” என்றார் மாப்பிள்ளை, பெருமையாக. கசிவுக்காரர் தண்ணீர்கூடக் குடிக்காமல் செருப்பை மாட்டினார். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது. மகள் மட்டும் வந்து போவாள். மாப்பிள்ளை தெருமுனையில் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார்.

இப்போதும் மாப்பிள்ளை தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கீழ்த்தளத்தில், மருந்துக்கடைக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போனார். மாமியார் அவரை மேலே விடவில்லை. பிரஷர் பதினொன்று ஏறுவது என்றால் சும்மாவா?

மூன்றாம் நாள் ஸ்கேனில் தடிமன் அதே பதினோரு மில்லிமீட்டர். ஆனால் உள்பூச்சில் ஓரிடத்தில் சின்னக் குழி போலத் தெரிகிறது, சந்தேகமாக இருக்கிறது என்றார்கள். அது பெரிதானால் அங்கேதான் கிழியும். அப்படியென்றால் குழாய்க்குள் குழாயாக ஸ்டென்ட் வைக்க வேண்டியிருக்கும். ஏழாம் நாள் பார்த்துத்தான் முடிவு என்றார் டாக்டரம்மா.

கசிவுக்காரர் பென்சில் கோட்டைப் பார்க்கிற மாதிரி நாளை எண்ணினார். நாலாம் நாள் வலி இல்லை. ஐந்தாம் நாளும் இல்லை. சொட்டு மருந்து போய் மாத்திரை வந்தது. திரையில் நூற்றுப் பதினாலு நூல் பிடித்த மாதிரி நின்றது. ஆறாம் நாள் காலை அவருக்குத் தொழில் புத்தி திரும்பிவிட்டது.

நாளைக்கு ஸ்கேன். ஸ்கேன் என்பது பார்ப்பது. பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது, வீட்டுக்குப் போங்கள் என்பார்கள். பார்த்து மட்டும் எவனாவது லைனை ஒப்படைப்பானா? வீட்டுக்குப் போய், பத்தாம் நாள் மனைவி ஒருத்தியாக இருக்கும்போது உடைந்தால் அவள் என்ன செய்வாள்? அதையே இங்கே சோதித்துப் பார்த்தால், உடைந்தாலும் பத்தடியில் டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், ஆபரேஷன் தியேட்டர் இருக்கிறது. வேலையாட்கள் இடத்தில் இருக்கும்போதே பிரஷர் டெஸ்ட் செய்துவிடுவதுதான் முறை.

இந்த யோசனையில் எந்தத் தப்பும் அவருக்குத் தெரியவில்லை. பம்புக்கு எங்கே போவது என்பதுதான் கேள்வி. மூச்சடக்கிப் பார்த்தார். எட்டுக்கு மேல் ஏறவில்லை. மச்சினனை நினைத்தார். மருந்தின் வேகத்தில் மச்சினன்கூட நல்லவனாகத் தெரிந்தான். இது நினைப்பில் ஆகிற காரியமில்லை, ஆள் நேரில் வேண்டும் என்று முடிவு செய்தார்.

மனைவி மத்தியானம் கஞ்சியோடு வந்தபோது சொன்னார்: “மாப்பிள்ளைய வரச் சொல்லு. பேசணும்.”

மனைவியின் கையிலிருந்த கரண்டி கிண்ணத்தில் விழுந்தது. நோய் மனிதனை எப்படி மாற்றிவிடுகிறது என்று அவளுக்குக் கண் கலங்கியது. மகளுக்குப் போன் போட்டாள். மகள் அழுதாள். மாப்பிள்ளை முகம் கழுவி, தலை வாரி, கீழே கடையில் அரை டஜன் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு படியேறினார். “அவர் என்ன சொன்னாலும் ஆமான்னு சொல்லுங்க” என்று வாசலில் மாமியார் இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள்.

மாப்பிள்ளை கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். கசிவுக்காரர் ஒரு கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“வாங்க. நீங்க கட்டினது வீடா?”

“இல்ல மாமா.”

“சுவத்துக்குள்ள குழாயப் பொதைக்கிறவன் இன்ஜினியரா?”

“இல்ல மாமா.”

“என் பொண்ணக் கொண்டுபோய் ஒரு ஈரச் செவுத்துக்குள்ள வெச்சிருக்கீங்க.”

“ஆமா மாமா.”

நூற்றுப் பதினாறு. கசிவுக்காரருக்கு ஏமாற்றமாக இருந்தது. இப்படி ஒத்துப்போகிற ஆளை வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை பிடிப்பது? அந்த ஏமாற்றத்திலேயே கோபம் வந்தது. “எல்லாத்துக்கும் ஆமாவா? உங்களுக்கு வாயில்லையா? ரெண்டு வருஷமா வாசல்ல வந்து நின்னீங்களா ஒரு நாள்? வந்து ‘மாமா, நீங்க சொன்னது தப்பு’ன்னு சொல்லத் தெம்பு இருந்துச்சா?” என்று பொரிந்தார். நூற்றிருபத்து மூன்று. நூற்று முப்பத்தொன்று. ஏறட்டும், ஏறட்டும் என்று அவர் மனதுக்குள் பம்பை அழுத்திக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை திரையைப் பார்த்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

“மாமா, நீங்க சொன்னது தப்பில்ல” என்றார் அவசர அவசரமாக. “குளியலறைச் செவுத்துல ஈரம் வந்துடுச்சு. மூணு மாசமாச்சு. வெக்கமா இருந்துச்சு, சொல்லல.”

கசிவுக்காரர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

“எந்தச் செவுரு?”

“படுக்கையறைப் பக்கம்.”

“காலையில கூடுதா, சாயங்காலமா?”

“காலையில.”

“வட்டமா இருக்கா, கீழ வடியுதா?”

“வட்டமா. கை அகலம்.”

“சுடுதண்ணி திறந்தா கூடுதா?”

“அது… பாக்கல மாமா.”

“பாக்காம என்னத்த இன்ஜினியர்! அதத்தான் மொதல்ல பாக்கணும். வால்வக் கொறைங்க. செவுத்த உடைக்காதீங்க. ஈரத்தச் சுத்திப் பென்சில்ல கோடு போட்டுத் தேதி எழுதுங்க. நாலு நாள் பொறுத்துப் பாருங்க.”

அவர் வேலைக்குள் போய்விட்டார். மாப்பிள்ளை திரையைக் காட்டினார். நூற்றுப் பத்து. இந்த ஆறு நாளில் அவ்வளவு கீழே இறங்கியதேயில்லை.

“உங்களுக்கும் இங்க அதத்தான மாமா பண்ணிட்டிருக்காங்க? அழுத்தத்தக் கொறைச்சு, கோடு போட்டு, பொறுத்துப் பாக்குறாங்க.”

கசிவுக்காரருக்குச் சுருக்கென்றது. நெஞ்சில் இருந்ததை மறைக்க அவருக்குத் தெரியாது. “நான் உங்கள எதுக்குக் கூப்பிட்டேன் தெரியுமா? ராசியாகுறதுக்கு இல்ல. உங்ககூடச் சண்டை போட்டு ஒன்றரை மடங்கு ஏத்திப் பாக்கலாம்னு. டெஸ்ட்” என்றார்.

அது புரிய மாப்பிள்ளைக்கு நாலைந்து நொடி பிடித்தது. புரிந்ததும் ஆரஞ்சுப் பையைத் தரையில் போட்டார்.

“உடைஞ்சிருந்தா?” என்று கத்தினார். இரண்டு வருஷமாக வண்டியிலேயே உட்கார்ந்திருந்த மனிதர் அப்படிக் கத்துவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். “நான் வந்து நின்ன நேரத்துல உடைஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பேன்? எங்கப்பாவ நீதான் கொன்னேன்னு அவ ஒரு வார்த்த சொல்ல மாட்டா. ஆனா காலம்பூரா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருப்பாளே மாமா! அத நான் எப்படித் தாங்குவேன்?”

நர்ஸ் ஓடிவந்தார். மனைவி ஓடிவந்தாள். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். அது நூற்றுப் பன்னிரண்டில் சமர்த்தாக நின்றது. மாப்பிள்ளைதான் நெற்றி நரம்பு புடைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். நர்ஸ் அவரை ஸ்டூலில் உட்காரவைத்துப் பட்டையைச் சுற்றினார். நூற்று அறுபத்திரண்டு.

“மாத்திரை போடுறீங்களா?” என்று கேட்டார் நர்ஸ்.

“அப்பப்போ” என்றார் மாப்பிள்ளை.

கசிவுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பயம் என்றால் என்னவென்று ஆறு நாளில் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. தனக்காக வரவில்லை. இந்த முப்பத்தெட்டு வயது மனிதனின் சுவருக்குள், முடி அகலத்தில் எத்தனை குழாய்கள் இப்போது புடைத்துக்கொண்டு நிற்கின்றனவோ என்று நினைத்தார். நினைக்க நினைக்கத் தன் புத்திசாலித்தனத்தின் மேல் வெட்கமாக வந்தது. “நானும் அப்பப்போதான் போட்டேன் மாப்பிள்ள. தினமும் போடுங்க” என்றார்.

மனைவி அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. ஆரஞ்சுகளை மட்டும் கட்டிலுக்கு அடியில் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

மறுநாள் ஸ்கேனில் பிறை ஏழு மில்லிமீட்டருக்கு இளைத்திருந்தது. சந்தேகப்பட்ட குழி பெரிதாகவில்லை. கசிவுக்காரர் டெஸ்ட் விவரத்தை அவராகவே டாக்டரம்மாவிடம் சொன்னார். டாக்டரம்மா பேயறைந்தவர் போல ஸ்டூலில் உட்கார்ந்து, “எவ்வளவு ஏத்தினீங்க?” என்றார். “நூத்தி முப்பத்தொண்ணு.” “இன்னொரு தடவ இப்படிப் பண்ணினா நானே உங்கள மிதிப்பேன்” என்றார் டாக்டரம்மா. டைல்ஸ்காரர் கதையை மனைவி அவரிடம் முன்பே சொல்லியிருந்தாள் போலிருக்கிறது.

இன்னும் சில நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரை ஆயுசுக்கும். கனம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, கத்தக் கூடாது. ஒரு மாதம் கழித்து எடுத்த படத்தில் மூன்று மில்லிமீட்டர் மிச்சமிருந்தது. அது போகிறவரைக்கும் எதுவும் நிச்சயமில்லை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

அந்த வாரம் மகள் வீட்டுச் சுவரில், அதுவரை உள்ளேயே நின்ற ஈரம் பென்சில் கோட்டைத் தாண்டியது. உடைத்தே ஆக வேண்டும். வேறு ஆளைக் கூப்பிட மாப்பிள்ளைக்கு மனமில்லை, கசிவுக்காரரைத் தொட விட யாருக்கும் மனமில்லை. கடைசியில், மாப்பிள்ளை உடைப்பது, மாமனார் குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவானது. மகள் அப்பாவுக்குப் பின்னால் நின்று அவர் தோளில் கை வைத்திருந்தாள்.

மாப்பிள்ளை பேப்பரில் இன்ஜினியராக இருந்தாரே தவிர, உளியைப் பிடித்ததில்லை. படுக்கையறையில் ஈரம் தெரிந்த இடத்துக்கு நேர் பின்னால் உளியை வைத்து அடித்தார், முதல் ஓடு உடைந்தது. கசிவுக்காரருக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தண்ணீர் தெரிகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு என்பதுகூடவா தெரியாது? இரண்டாவது ஓடு விழுந்தது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார். மூன்றாவது ஓடு. நாலாவது. நல்ல ஓடுகள். ஒவ்வொன்றும் விழும்போது அவர் உதட்டைக் கடித்தார். தோளிலிருந்த மகளின் விரல்கள் இறுகின. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

குழாய் தெரிந்தது. சொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருந்தது. மாப்பிள்ளை தலைமுடியெல்லாம் சிமென்ட் தூசியோடு திரும்பிப் பார்த்தார்.

“தப்பான இடம். மொத ஓட்டுலயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல மாமா?”

கசிவுக்காரர் தலையாட்டினார்.

“அப்புறம் ஏன் சொல்லல?”

“சொன்னா கத்தித்தான் சொல்லுவேன்” என்று தொடங்கியவர், குரல் உயர்வதை உணர்ந்து நிறுத்தினார். மூச்சை ஒரு தடவை உள்ளே இழுத்து விட்டார். மகளுக்காக, மனைவிக்காக, சுவருக்குள் மிச்சமிருக்கிற அந்த மூன்று மில்லிமீட்டருக்காக, தன் தொண்டையிலிருந்து அதுவரை யாரும் கேட்டிராத ஒரு குரலைத் தேடி எடுத்தார்.

“ரெண்டு ஓடு இடது பக்கம், மாப்பிள்ள.”

“கேக்கல மாமா. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”

கசிவுக்காரர் மறுபடியும் அதே மெதுவான குரலில்தான் சொன்னார். மாப்பிள்ளை உளியையும் சுத்தியலையும் கீழே வைத்துவிட்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.